அத்தைக்கு விடுப்பு இல்லை

அத்தியாயம் பதினொன்று

"அத்தை" என்று சொன்னதுதான் டார்லா செய்த தப்பு. வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது. நினைவு தெரிந்த நாளாக அவள் வாயில் வந்த வார்த்தை அது ஒன்றுதான்.

போன வாரம் ஆர்டித் அத்தை சமையலறைத் தரையில் விழுந்ததையும், டார்லா வேலை முடிந்து வரும்வரை அப்படியே கிடந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாளே டார்லா கோழித் தொழிற்சாலைக்குப் போன் போட்டுக் குடும்ப விடுப்பு கேட்டாள். சம்பளம் வராது. ஆனால் வேலை போகாது, இன்சூரன்ஸும் போகாது. அப்படி ஒரு விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்கள். "எங்க அத்தைக்கு" என்றாள். புருஷன் பெண்டாட்டிக்கு உண்டு, பிள்ளைக்கு உண்டு, பெற்றவர்களுக்கு உண்டு, அத்தைக்கெல்லாம் கிடையாது என்று பதில் வந்தது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

வேலையை உதறிவிட்டு அத்தை பக்கத்தில் உட்காரலாமே என்று சர்ச்சில் சிலர் நல்ல மனதோடு சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன. டார்லாவுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே சர்க்கரை. வேலை போனால் இன்சூரன்ஸ் போகும், இன்சூரன்ஸ் போனால் இன்சுலின் போகும், அப்புறம் யார் யாரைப் பார்ப்பது? வராத ஒவ்வொரு நாளுக்கும் தொழிற்சாலையில் ஒரு பாயிண்ட் போடுவார்கள். டார்லாவுக்கு அது விளிம்பு வரை வந்துவிட்டது. இன்னும் ஒரு நாள் வராமல் இருந்தால் சீட்டு கிழிந்துவிடும்.

அன்று காலை அவள் அத்தையின் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்கார வைத்து, சோளக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அத்தையின் கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

"இதுல உப்பே இல்ல," என்றாள் ஆர்டித்.

"உப்பு கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க அத்தை."

"சாகப்போறவளுக்கு உப்பு கூடாதாமா? அவளை வரச் சொல்லு. ஒரு வாய் தின்னு பாக்கட்டும்."

"நீங்க ஒண்ணும் சாகப்போறதில்ல."

"பொய் சொல்லக் கத்துக்கிட்ட. நான் சொல்லிக் கொடுக்கலியே."

டார்லா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நேற்று நர்ஸ் புறப்படும்போது அவளை வாசலுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னது காதிலேயே நின்றது. இருதயம் களைத்துவிட்டது. நுரையீரலில் தண்ணீர் ஏறுகிறது. இனி ராத்திரி பகல் யாராவது கூடவே இருக்க வேண்டும். "ரொம்ப நாள் இல்லம்மா" என்று அந்த நர்ஸ் டார்லாவின் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

கூடவே இருக்க இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடும் கிடையாது.

"போன் கைக்கு எட்டுதா?"

"எட்டுது, எட்டுது. நீ கெளம்பு. தனியா இருந்து யாரும் செத்ததில்ல."

"எழுந்திரிக்கக் கூடாது. தண்ணி பக்கத்துல வச்சிருக்கேன். பாத்ரூம் போகணும்னாலும்..."

"டயப்பர் கட்டி விட்டிருக்க. அப்புறம் என்ன பாத்ரூம்? போடி."

டார்லா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அத்தையைப் பூட்டிவிட்டுப் போவதா, பூட்டாமல் போவதா என்று தினமும் போல அன்றும் வாசலில் நின்று தடுமாறினாள். தினமும் போல அன்றும் பூட்டாமல் போனாள்.

* * *

எலும்பெடுக்கும் அறையில் எப்போதும் குளிர்காலம்தான். கூம்பு மேல் குத்தி வைத்த கோழிகள் வரிசையாக நகர்ந்து வரும். தோளில் ஒரு வெட்டு, இழுப்பு, அடுத்த கோழி. காதில் பஞ்சு. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். இடைவேளை மணி அடித்த பிறகுதான் யாருக்கும் வாய் திறக்கும்.

சாப்பாட்டு அறையில் லிஜோன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கடல் கடந்து வேலைக்கு வந்த மார்ஷல் தீவுக்காரி. டார்லாவுக்கு அடுத்த இடத்தில் நின்று வெட்டுகிறவள். ரொட்டித் துண்டைப் பிய்த்து டார்லா பக்கம் தள்ளினாள்.

"தின்னுடி. சர்க்கரை எறங்கி விழுந்து வச்சா, அதுக்கும் பாயிண்ட் போடுவாங்க."

டார்லா தின்றாள்.

"லீவு என்னாச்சு?"

"அத்தைக்கெல்லாம் கெடையாதாம்."

"உன்னை யாரு வளத்தது?"

"அத்தைதான்."

"எத்தன வயசுலேருந்து?"

"நாலு. ஏன்?"

லிஜோன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"அப்போ அவங்க உனக்கு அம்மாதானேடி. எங்க தீவுல வளத்தவங்க எல்லாரும் அம்மாதான். எனக்கே மூணு பேர். அதுல ஒருத்திக்குக் கேன்சர் வந்தப்ப நான் லீவு எடுக்கல? ஆபீஸ்ல லீவு எழுதற ஷெல்பி கேட்டா, பெத்தவங்களான்னு. இல்ல, வளத்தவங்கன்னேன். அவளே சட்டத்தைத் தேடிப் பாத்துட்டு வந்து சொன்னா. பெத்தவங்க எடத்துல இருந்து வளத்தவங்களும் கணக்குல வருவாங்களாம். ரத்த சம்பந்தம்கூட வேணாமாம்."

"நெஜமாவா?"

"போய்ச் சொல்லு. அத்தைன்னு சொல்லாத. என்னை வளத்தவங்கன்னு சொல்லு. அம்மான்னே சொல்லு, என்ன போச்சு?"

டார்லா ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. என்ன போச்சு என்று லிஜோன் சுலபமாகக் கேட்டுவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் டார்லா சொல்லவே கூடாது என்றுதான் அந்த வீட்டில் அவளை வளர்த்தார்கள்.

டார்லாவின் அப்பா மர லாரி கவிழ்ந்து செத்தார். ஆர்டித்தின் தம்பி அவர். அந்தக் குளிர்காலத்திலேயே அவருடைய மனைவி நேடீன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். வாசலில் அணைக்காத கார் உறுமிக்கொண்டிருந்தது, அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். "நாளைக்கு வந்து கூட்டிக்கிறேன் அண்ணி. அதுவரைக்கும் பாத்துக்குங்க. ஆனா என் எடத்தை மட்டும் எடுத்துக்காதீங்க" என்றாள். "எடுத்துக்க மாட்டேன்" என்று ஆர்டித் சத்தியம் செய்தாள்.

நாளைக்கு என்றவள் வரவில்லை. சாயங்காலமானால் குழந்தை வாசலில் போய் நிற்கும். "நாளைக்குன்னு சொல்லியிருக்கா. வருவா" என்று ஆர்டித் உள்ளே கூட்டி வருவாள். குழந்தை கேட்பதை நிறுத்திய பிறகும் ஆர்டித் சொல்வதை நிறுத்தவில்லை.

ஒரு தடவை சர்ச் விருந்தில், நாலு பேர் நடுவில், தட்டை நீட்டிக்கொண்டு டார்லா அவளை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். பளீரென்று ஒரு அறை விழுந்தது. ஆர்டித் அதற்கு முன்னாலும் அடித்ததில்லை, பின்னாலும் அடித்ததில்லை. "உனக்கு அம்மா இருக்கா. நான் அத்தை" என்றாள். சொல்லும்போது அவள் உதடு நடுங்கியதை அந்த வயதில் யார் கவனித்தார்கள்?

டார்லா வளர்ந்து ஆளாகி வேலைக்கு வந்த பிறகுதான் நேடீன் திரும்பி வந்தாள். குடியை விட்டிருந்தாள். ஞானஸ்நானம் வாங்கியிருந்தாள். இதே தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே டார்லாதான். ஆனால் அவளையும் அம்மா என்று கூப்பிட டார்லாவுக்கு வாய் வரவில்லை. நேடீன் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். ஒரு பெண்ணுக்கு இரண்டு அம்மா இருந்தும், அம்மா என்று கூப்பிட ஒரு ஆளில்லாமல் போன கொடுமையை எங்கே போய்ச் சொல்ல.

* * *

ஆபீஸில் ஷெல்பி மேசைமேல் பூந்தொட்டி வைத்திருந்தாள். டார்லாவைவிடச் சின்னவள். கெட்ட பெண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன் வரிசையில் நின்று பாடுகிறவள்.

"அத்தைன்னு சொன்னது என் தப்பு," என்றாள் டார்லா. கையில் கோழி வாடை அடித்ததால் பின்னால் கட்டிக்கொண்டாள். "அவங்கதான் என்னை வளத்தாங்க. நாலு வயசுலேருந்து. சாப்பாடு, துணி, பள்ளிக்கூடம், ஊசி, எல்லாம் அவங்கதான். அம்மா எடத்துல இருந்து வளத்தாங்க."

ஷெல்பியின் முகம் மாறியது.

"டார்லா, நீங்க சொன்னா போதும்னுதான் சட்டம். நானும் வேற யாருக்கும் இவ்வளவு கேக்க மாட்டேன். ஆனா..." நாற்காலியில் நெளிந்தாள். "உங்கம்மா எங்க சர்ச்சுதானே. மிஸ் நேடீன் எழுந்து நின்னு சாட்சி சொல்றதை நான் எத்தன தடவ கேட்டிருக்கேன். புருஷன் செத்த பின்னாடி ராத்திரியெல்லாம் பாத்திரம் கழுவி ஒத்தப் பொண்ண வளத்தேன்னு சொல்லி அழுவாங்க. எங்கம்மாவும் சேந்து அழுவாங்க. இப்ப நீங்க வந்து இப்படிச் சொன்னா நான் என்ன எழுதறது? பொய்யின்னு தெரிஞ்சே எழுதினேன்னு நாளைக்கு என் கழுத்துக்குக் கத்தி வரும்."

நேடீன் சர்ச்சில் என்ன பேசுகிறாள் என்று அவள் போய்க் கேட்டதே இல்லை. அவளும் அத்தையும் போகிற சர்ச் வேறு.

"பாத்திரம் கழுவினாங்களா?" என்றாள்.

"அப்படித்தான் சொன்னாங்க. இருங்க, இதுக்கு எதுக்கு மண்டைய ஒடச்சிக்கணும்? உங்க அத்தையையே ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிஞ்சுது."

"வேணாம் ஷெல்பி. நான் மொதல்ல வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு..."

அதற்குள் ஷெல்பி நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். நல்லது செய்கிறோம் என்ற அவசரம் அவளுக்கு. மணி ரொம்ப நேரம் அடித்தது. டார்லா மனசுக்குள், எடுக்காதீங்க அத்தை, எடுக்காதீங்க என்று வேண்டிக்கொண்டாள். போனுக்குக் கை நீட்டும்போது விழுந்துவிடுவாளோ என்று வேறு பயம்.

"யாரு?" அத்தையின் குரல் மூச்சுக்கு நடுவே வந்தது.

"கோழி ஆபீஸ்லேருந்து பேசறோம்மா. ஒரே ஒரு கேள்வி. டார்லாவுக்கு நீங்க அம்மாவா?"

கேள்வியே தப்பு. வளர்த்தது யார் என்று முதலிலேயே கேட்டிருந்தால் ஆர்டித் உண்மையைச் சொல்லியிருப்பாள். ஆனால் இந்தக் கேள்வி அவளுக்குப் புதிது இல்லை. டார்லா குழந்தையாக இருந்தபோது சர்க்கார் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்து இதே கேள்வியைக் கேட்டாள். பொய் சொன்னால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று ஊரே பயமுறுத்தி வைத்திருந்தது. ஆபீஸ் குரல் கேட்டாலே ஆர்டித்துக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

"இல்லம்மா," என்றாள் தெளிவாக. "நான் அத்தை. அவ அம்மா பேரு நேடீன்."

"அத்தை," டார்லா மேசைமேல் குனிந்தாள். "என்னை வளத்தது யாருன்னு சொல்லுங்க."

"டார்லாவா? நீ ஏன் அங்க நிக்கற? ஏதாவது தப்புப் பண்ணிட்டியா?"

"அம்மா மாதிரி நீங்கதான் வளத்தீங்களாம்மா?" ஷெல்பி கேட்டாள்.

"அம்மா எடத்தையெல்லாம் நான் எடுத்துக்கல," என்றாள் ஆர்டித். "அவ அம்மா வர்ற வரைக்கும் சும்மா பாத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

ஷெல்பி போனை வைத்தாள். சும்மா பாத்துக்கிட்டாளாம். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு விடிய விடிய விசிறிவிட்டது சும்மா. ஊசி குத்தப் பயந்த பிள்ளைக்காகத் தன் தொடையில் வெறும் ஊசியைக் குத்திக் காட்டியது சும்மா. டார்லாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அத்தை மேல்தான் வந்தது. வந்ததை நினைத்து அடுத்த கணமே வெட்கமும் வந்தது.

"நேடீனைக் கூப்பிடுங்க," என்றாள்.

தலையில் வலைத்தொப்பியும் வெள்ளைக் கோட்டுமாக நேடீன் வந்து வாசலிலேயே நின்றாள். டார்லாவைப் பார்த்தாள், ஷெல்பியைப் பார்த்தாள். விஷயம் என்னவென்று ஷெல்பி சொல்லச் சொல்ல அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப் போனது.

"உங்களுக்குத் தெரியும்ல," என்றாள் டார்லா. அதட்டவில்லை. கெஞ்சித்தான் கேட்டாள். "ஒரு வார்த்தை. என்னை வளத்தது அத்தைதான்னு சொல்லிடுங்க. வேற எதுவும் கேக்க மாட்டேன். எப்பவுமே கேக்க மாட்டேன்."

நேடீன் வாயைத் திறந்தாள். ஷெல்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிற அதே மரியாதையோடு.

"அண்ணிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டோம் மிஸ் நேடீன். அம்மா எடத்தை எடுத்துக்கல, சும்மா பாத்துக்கிட்டேன்னாங்க."

"அப்போ அண்ணி சொன்னதுதான்," என்றாள் நேடீன் தரையைப் பார்த்தபடி.

பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் எப்படித் தப்பினாள் பாருங்கள். தனக்குச் செய்து கொடுத்த சத்தியத்துக்காக முப்பது வருஷம் வாயைக் கட்டிக்கொண்ட ஆர்டித்தின் சொல்லையே எடுத்து, அவள் தலையிலேயே போட்டுவிட்டாள்.

ஷெல்பி யாரையும் பார்க்காமல் பேசினாள். "இன்னிக்கே மறுத்து அனுப்பணும். நான் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்குள்ள உங்கள்ல யாராவது வேற மாதிரி சொன்னீங்கன்னா பாக்கலாம். அதுக்கு மேல என் கையில இல்ல."

மணி அடித்தது. டார்லா வரிசைக்குத் திரும்பிப் போய்க் கத்தியை எடுத்தாள். போகாமல் இருந்தால் அதற்கும் பாயிண்ட்.

* * *

வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது நேடீன் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"டார்லா, நில்லு. நான் வந்து உக்காந்துக்கிறேன். ராத்திரி ஷிப்டுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கறேன். பகல்ல அண்ணிய நான் பாத்துக்கிறேன். குளிப்பாட்டறேன், பீ மூத்திரம் அள்றேன், எல்லாம் செய்யறேன்."

"எப்ப மாத்துவாங்க?"

"எடம் காலியாகணும். அடுத்த மாசம்..."

"அடுத்த மாசம் அவங்க இருப்பாங்களா?"

குளிரில் இரண்டு பேர் வாயிலிருந்தும் ஆவி வந்தது.

"பீ அள்ளுவீங்க. ஆனா அந்த ஒரு வார்த்தை வராது," என்றாள் டார்லா.

"அது வேற, இது வேற." நேடீன் வலைத்தொப்பியைக் கையில் போட்டுக் கசக்கினாள். "அந்தப் பொண்ணோட அம்மா என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுவாங்க டார்லா. என்னை ஒரு மனுஷின்னு பாக்கற எடம் இந்த ஊர்ல அது ஒண்ணுதான். நான் விட்டுட்டுப் போனவன்னு தெரிஞ்சா அங்க நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

"எனக்குத் தெரியுமே. என் முன்னாடி நிக்கறீங்களே."

நேடீனின் கண்ணில் தண்ணீர் முட்டியது. டார்லாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்க்க நேரமில்லை என்று காரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

* * *

அத்தை விழவில்லை. தலையணையில் சரிந்திருந்தாள், உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து போர்வை நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக ஈரத்தில் கிடந்தாளோ. டார்லா போர்வையை மாற்றினாள், உடம்பைத் துடைத்தாள், நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

"உங்க ஆபீஸ்காரி பேசினா," என்றாள் ஆர்டித். குரலில் சின்னப் பெருமை. "நீ பக்கத்துல நின்னியே. சரியாச் சொல்லிட்டேன்ல? ஒருத்தரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது."

டார்லா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். மறைக்கவும் தெரியவில்லை.

"அம்மா எடத்துல இருந்து வளத்தேன்னு நீங்க சொல்லியிருந்தா, எனக்கு லீவு குடுத்திருப்பாங்க அத்தை. நான் வீட்டுலயே இருந்திருப்பேன். உங்களோடவே இருந்திருப்பேன். வேலையும் போயிருக்காது."

"அந்த ஒரு வார்த்தைக்கா?"

"ஆமா."

"நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க எப்ப அந்தப் பேச்சை எடுக்க விட்டீங்க?"

அத்தை தன் கைகளைப் பார்த்தாள். பிறகு, "சர்ச்சுல உன்னை ஒரு தடவ அடிச்சேன்," என்றாள்.

"ஞாபகம் இருக்கு."

"அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. நீ கூப்பிட்டது காதுலயே கேட்டுக்கிட்டு இருந்துது. சந்தோஷமா இருந்துது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் உன்னை அடிச்சேன். தெரியுமா?"

டார்லா கவிழ்ந்து கிடந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"நேடீனுக்குப் போன் போடு," என்றாள் ஆர்டித்.

"எதுக்கு? நீங்களே நாளைக்கு ஷெல்பிகிட்ட மாத்திச் சொல்லிட்டா போதும். அவ யாரு நடுவுல?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்டி. யாருக்குப் பண்ணினேனோ அவதான் அவுத்து விடணும். போடு."

டார்லா போட்டுக் கொடுத்தாள். அத்தைக்குக் காது மந்தமானதால் போனில் சத்தம் கூட்டி வைத்திருந்தது. நேடீனின் மூச்சுகூடக் கேட்டது.

"அண்ணி?"

"நேடீன், சண்டைக்குக் கூப்பிடல. கேளு." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே அத்தை மூச்சை இழுத்துப் பிடித்தாள். "உன் எடத்தை எடுத்துக்க மாட்டேன்னு சொன்னேன். எடுத்துக்கல. அவ ஆசையா கூப்பிட்டப்பகூட எடுத்துக்கல. இப்ப அந்தச் சத்தியத்துலேருந்து என்னை விட்டுடு. நீ யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். என்கிட்ட மட்டும் சொல்லு, சரி அண்ணி, எடுத்துக்குங்கன்னு. மிச்சத்தை நான் ஆபீஸ்ல சொல்லிக்கிறேன்."

மெஷின் இரைந்தது. மறுமுனையில் ஏதோ ஒரு கதவு மூடிய சத்தம் கேட்டது. நேடீன் அழுகிறாளா, யோசிக்கிறாளா, தெரியவில்லை. அண்ணி வாயைத் திறந்தால் ஷெல்பிக்குத் தெரியும், ஷெல்பிக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை முன் வரிசைக்கே தெரியும் என்று அவளுக்கும் தெரியாதா?

"நாளைக்குச் சொல்றேன் அண்ணி," என்றாள் கடைசியில். போன் அடங்கியது.

அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டாள். டார்லாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும். போனால் அத்தை தனியாகக் கிடப்பாள், போகாவிட்டால் எல்லாம் போய்விடும். இதற்கு நடுவில் நேடீனுக்கு இன்னொரு "நாளைக்கு" வேண்டுமாம்.

"அவ என்ன குடுக்கறது? அந்த வார்த்தையச் சொல்லி நான் கூப்பிடறேன் உங்கள," என்றாள். "இப்பவே கூப்பிடறேன், கேளுங்க."

சொல்ல வாயெடுத்தவளின் உதட்டின் மேல் அத்தை கையை வைத்துப் பொத்தினாள். அன்று அறைந்த அதே கைதான். இப்போது அதில் பலமே இல்லை, தட்டிவிட்டால் விழுந்துவிடும். டார்லா தட்டிவிடவில்லை.

"பொறு," என்றாள் ஆர்டித். "நாளைக்குன்னு சொல்லியிருக்கா. வருவா."